விளக்குமாறு தொங்கிய வீடு: ஜெர்மனியில் நாங்கள் வெளியே போன ஒரு சனிக்கிழமை

கொடிவேரிக்காரி | எஸ்லிங்கன், ஜெர்மனி | அக்டோபர் 5, ஞாயிறு

வணக்கம். எட்டு மாதமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த ஊர் கோபிக்குப் பக்கம், புகுந்த ஊர் சென்னிமலைக்குப் பக்கம். கல்யாணமாகி இரண்டரை வருடம். அதில் முக்கால்வாசி நாள் அவர் கோவையில் வேலையில் இருந்தார். நான் தோட்டத்து வீட்டில் அத்தை, மாமா, மச்சாண்டார் குடும்பத்தோடு இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். நாங்கள் வெளியே போனோம் என்றால் கொடிவேரி அணைக்குப் போயிருப்போம். வண்டியில் முன்னால் மச்சாண்டார் பையன் நின்றுகொண்டு வருவான். பண்ணாரிக்குப் போனால் கார் நிறைய ஆள். இரண்டே பேராகக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தது கோவையில் ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் அவருடைய பெரியம்மா மகன் பார்த்துவிட்டு எங்கள் மேஜைக்கே வந்து உட்கார்ந்து இரண்டு காபி குடித்துவிட்டுப் போனார்.

இங்கே வந்த பிறகு நாங்கள் இரண்டே பேர். ஆனால் மாலை நேரம் மட்டும் எங்கள் கையில் இல்லை. ஊரில் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்க மணி ஒன்பது. அப்போது இங்கே ஐந்தரை. அவர் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் நேரம். அத்தை கூப்பிடுவார். அத்தை வைத்ததும் கோபியிலிருந்து அம்மா. நிமிர்ந்தால் ஏழு. பிறகு சோறு, பாத்திரம், தூக்கம். எட்டு மாதத்தில் மாலையில் வெளியே போனது காய் வாங்கத்தான்.

அவரோடு வேலை செய்கிற இந்த ஊர்க்காரர் ஒருவர், "திராட்சைத் தோட்டத்து ஊர் ஏதாவது ஒன்றுக்குப் போய் பேசனில் சாப்பிடுங்கள், வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும்" என்றாராம். இவர் அதைக் கடையின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். நேற்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, நான் கவுச்சி தொடமாட்டேன். "அங்கே ஏதாவது இருக்கும், வா" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பட்டுச்சேலை கட்டவில்லை, அவ்வளவுதான். மற்றபடி கல்யாணத்துக்குப் போவதுபோலத்தான் கிளம்பினேன்.

ரயிலிலேயே ஐந்தரை ஆகிவிட்டது. அத்தை அழைப்பு. பெட்டி முழுக்க ஆள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. சினைமாட்டுக்கு நாள் நெருங்கிவிட்டதை மாமா சென்னிமலையிலிருந்து ஸ்டுட்கார்ட் வரைக்கும் கேட்கும்படி சொன்னார். எதிரே இருந்த அம்மாள் எங்களை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

ஓபர்டுர்க்ஹைமில் இறங்கி ஊல்பாக் என்கிற ஊருக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் மலைச்சரிவெல்லாம் திராட்சை. ஊர் அழகு. ஆனால் பேசன் என்று பெயர்ப்பலகை எங்கேயும் இல்லை. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது, உள்ளே நிறையப் பேர் சிரிக்கும் சத்தம். நெருங்கிப் போனால் வாசலுக்கு மேலே கழியில் ஒரு விளக்குமாறு தொங்குகிறது! குச்சி குச்சியாக, பெரிய மாறு. விளக்கு வைக்கும் நேரத்தில் தலைவாசலில் விளக்குமாறா? ஏதோ வீட்டு விசேஷம், திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "நான் அந்த வாசலைத் தாண்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தத் தெருவை மூன்று தடவை சுற்றினோம். மூன்று தடவையும் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களுக்கு வணக்கம் சொன்னார். மூன்றாவது தடவை அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பசியோடு மலை ஏறினோம். உச்சியில் தூண் வைத்து, குவிமாடம் போட்டு, வட்டமாக ஒரு கட்டடம். பூட்டியிருந்தது. கீழே நெக்கார் பள்ளத்தாக்கு முழுக்க விளக்கு. என் கைப்பையில் இரண்டு கடலை மிட்டாய் கிடந்தது. படியில் உட்கார்ந்து ஆளுக்கொன்று தின்றோம். பேச்சு வரவில்லை. பத்து நிமிடம் கழித்து அவர், "மாடு இந்த வாரம் ஈன்றுவிடும் போலிருக்கிறது" என்றார். நான் "ம்" என்றேன்.

எஸ்லிங்கன் திரும்பும்போது ஒன்பதரை. நாங்கள் எட்டிப் பார்த்த இரண்டு கடையிலும் சமையலறையை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அரிசியும் பருப்புமாகக் குக்கரில் போட்டேன். இங்கே ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் கூடாது என்பது முதல் விசில் அடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போது மணி 10:10. இரண்டாவது விசிலுக்கு முன்னால் அவர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். பருப்பு வேகவில்லை. அதைத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

கேட்க விரும்புவது இரண்டு. அது என்ன வீடு? இன்னொன்று, ஊரிலிருந்து வரும் அழைப்புக்கும் இரண்டு பேராக வெளியே போவதற்கும் நடுவில் நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்? எங்களுக்கு இரண்டு பேராக வெளியே போகவே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

*

பெருந்துறை_அத்தை | அக்டோபர் 5

கண்ணு, படித்து முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பில்தான். நீ செய்ததில் தப்பே இல்லை. சீமாறைக் கதவுக்குப் பின்னால் படுக்கப் போட்டு வைப்பதுதான் நம் வழக்கம். வருகிறவர் கண்ணில் படவே கூடாது. விளக்கு வைத்த பிறகு கூட்டினால் என் மாமியார் கையைத் தட்டிவிடுவார். புது வீடு கட்டும்போது பூசணிக்காயோடு பழைய சீமாறையும் செருப்பையும் திருஷ்டிக்குக் கட்டுவதுண்டு. தலைவாசலில் கட்டி விருந்து வைக்கிறவர்களை நானும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவதற்குப் பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். நாங்கள் கூப்பிடும்போது அங்கே எத்தனை மணி என்பதை நாங்களாகக் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. உன் மாமியாருக்கு ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான். உங்களுக்கு அது ஐந்தரை, அதுதான் உங்கள் பொழுதில் நல்ல நேரம் என்று யார் சொன்னார்கள்? நீ சொன்னாயா, உன் வீட்டுக்காரர் சொன்னாரா? இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இங்கே வந்து எழுதுகிறீர்கள்.

*

காங்கயம்_காளை | அக்டோபர் 5

ரயிலில் போய், மலை ஏறி, கடலை மிட்டாய் தின்றுவிட்டு வந்ததற்கு இத்தனை பெரிய கட்டுரையா? கடலை மிட்டாய் காங்கயத்திலேயே கிடைக்கும்.

*

ஹைல்பிரான்_பங்காளி | அக்டோபர் 6

தங்கச்சி, நீங்கள் சுற்றிச் சுற்றி வந்த அந்த வீடுதான் நீங்கள் தேடிய இடம். பேசன் என்றால் கடைப் பெயர் இல்லை, விளக்குமாறு. வீட்டுக்காரரோடு வேலை செய்பவர் சொன்னது "விளக்குமாறு தொங்கும் இடத்தில் சாப்பிடு" என்பதைத்தான்.

பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தில் இருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். திராட்சை விவசாயி தன் சொந்தத் தோட்டத்து ஒயினைத் தன் வீட்டிலேயே, களஞ்சியத்திலோ கூடத்திலோ பெஞ்சு போட்டு விற்கலாம். அதற்கு ஓட்டல் உரிமம் வேண்டியதில்லை. ஆனால் வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் நடத்தக் கூடாது, 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது. திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் வாசலில் மாறு. கழற்றிவிட்டால் சரக்கு தீர்ந்தது, அல்லது காலம் முடிந்தது என்று பொருள். நம் ஊரில் கரும்பு ஆட்டும் காலத்தில் ஆலைக்கொட்டகைக்குப் போனால் பாகும் சூட்டு வெல்லமும் கையில் வைப்பார்கள் அல்லவா? காசு வாங்குவதைத் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அந்த மாதிரி.

இறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கக்கூடிய பண்டமும் இருக்கிறது. இந்த மாதத்தில்தான் புது ஒயின் வரும், அதோடு வெங்காய அடை மாதிரி ஒன்று சுட்டு வைப்பார்கள். அதில் பன்றிக்கொழுப்புத் துண்டு தூவுவது வழக்கம். "ஓனே ஷ்பெக்" என்று கேளுங்கள், அது இல்லாமல் இருந்தால் கொடுப்பார்கள்; ஆனால் முட்டை சேர்ப்பது வழக்கம். மவுல்டாஷன் என்று கொழுக்கட்டை மாதிரி ஒன்று வரும், அதன் உள்ளே இறைச்சி. தவக்காலத்தில் சாமிக்குத் தெரியாமல் கறி தின்பதற்காக மாவுக்குள் மறைத்தார்கள் என்று இந்த ஊர்க்காரர்களே கேலி பேசுவார்கள். சனிக்கிழமை வேண்டாம். சீஸ் போட்ட ஸ்பெட்சிலே நல்லது, ஆனால் அதிலும் முட்டை உண்டு. நம் சந்தகை மாதிரி அச்சில் பிழிவதுதான். ஆசைப்பட்டு ஈரோட்டிலிருந்து கொண்டுவந்த சந்தகை அச்சில் நான் அதைப் பிழிந்து பார்த்திருக்கிறேன். துளை சிறியது, மாவு பசை. அச்சைக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. செய்யாதீர்கள்.

தனி மேஜை கிடைக்காது. பெஞ்சில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு யார் பக்கத்திலாவது உட்கார வேண்டியதுதான். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. கையில் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், அட்டை வாங்காத இடம் அதிகம். 27 யூரோ 40 சென்ட் என்று பில் வந்தால், "30" என்று சொல்லி அப்போதே கொடுத்துவிட வேண்டும். மேஜைமேல் சில்லறை வைத்துவிட்டு எழுந்து வருவது இங்கே பழக்கம் இல்லை.

நீங்கள் உட்கார்ந்த படியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது கல்லறை. இந்தப் பகுதியை ஆண்ட வூர்ட்டம்பர்க் ராஜா முதலாம் வில்ஹெல்ம் தன் மனைவி கத்தரீனாவுக்காக 1820 முதல் 1824 வரை கட்டியது. ரஷ்ய ராஜகுமாரி; 1819-இல் இறந்தபோது வயது முப்பதுதான், அவ்வளவு சிறு வயது. தன் வம்சத்தின் பழைய கோட்டையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டினார் ராஜா. வாசலுக்கு மேலே "அன்பு ஒருக்காலும் ஒழியாது" என்ற பைபிள் வாசகத்தைப் பொறித்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கல்யாணப் படம் எடுக்கப் போகிற இடம் அது. நீங்கள் அங்கே மாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள்.

*

கொடிவேரிக்காரி | அக்டோபர் 6

அண்ணா, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஏன் தெரியுமா? பேசன் என்றால் விளக்குமாறு என்பது எனக்குத் தெரியும்! மாடிப்படி கூட்டும் முறை எங்கள் வீட்டுக்கு வரும்போது கதவில் ஓர் அட்டை மாட்டுவார்கள். அந்த வாரமே வகுப்பில் கேட்டு வாளி, துணி, விளக்குமாறு எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் "பேசன், பேசன்" என்று தெருவெல்லாம் தேடுகிறார், நான் மாறைப் பார்த்துத் திருஷ்டி என்கிறேன். அவருக்கு வார்த்தை தெரியும், பொருள் தெரியாது. எனக்குப் பொருள் தெரியும், அவர் தேடுவது அதைத்தான் என்று தெரியாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்லறை என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

*

கூடுதுறை_மாப்பிள்ளை | லீட்ஸ், இங்கிலாந்து | அக்டோபர் 7

இதை ஆண்பிள்ளை எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். என் மனைவி செவிலியர். விசா அவருடையது, நான் அவரோடு வந்தவன். முதல் ஆறு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அப்போது தெரிந்த ஒன்றை இங்கே யாரும் சொல்லவில்லை.

வெளியே போகத் தெரியாததல்ல சிக்கல். ஒருவர் காலையிலிருந்து பேசிப் பேசிக் களைத்து வருகிறார், இன்னொருவர் காலையிலிருந்து பேச ஆளில்லாமல் காத்திருக்கிறார். மனைவி பன்னிரண்டு மணி நேரம் நோயாளிகளோடு நின்றுவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது நான் சட்டை மாற்றி, தலை சீவி, நாயைப்போல வாசலில் நிற்பேன். வெளியே போகலாமா என்று கேட்பேன். அந்த முகத்தில் ஒரு சோர்வு வரும் பாருங்கள், அது என்மேல் இல்லை என்று புரிய நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் எத்தனையோ சண்டை. பவானியில் இருந்தபோது இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது; பேச்சுக்குத் தெருவில் பத்துப் பேர் இருந்தார்கள்.

வேலை முடிந்த அன்றைக்கே வெளியே போவதை நிறுத்தினோம். விடுமுறை நாளில், அவர் தூங்கி எழுந்து, மதியச் சாப்பாடு ஆன பிறகுதான். உங்கள் வீட்டிலும் ஐந்தரை மணி அழைப்பு இல்லாமல் இருந்தாலும் உங்கள் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றியதும் கிளம்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பழியை முழுவதும் சென்னிமலை மேல் போடாதீர்கள்.

*

கொடிவேரிக்காரி | அக்டோபர் 7

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாரத்தில் மூன்று நாள் காலையில் மொழி வகுப்பு. மீதி நாளில் என் வாயிலிருந்து வருவது கடையில் நன்றி, படியில் வணக்கம். சில நாள் ஐந்தரை மணி அழைப்புக்கு அவரைவிட நான்தான் அதிகமாகக் காத்திருக்கிறேன் என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். அத்தையோடு பேசி எனக்குத் தீர்ந்துவிடும், அவரோடு பேச மிச்சம் இருக்காது.

*

பனியன்_ஊர் | திருப்பூர் | அக்டோபர் 8

நான் துபாயில் ஐந்து வருடம் இருந்துவிட்டு 2019-இல் திரும்பி வந்தவன். அப்போது அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை; 2022 முதல் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வெளியே போதலுக்கு ஆன செலவு நாலு திர்ஹம். க்ரீக் என்கிற கழியில் தேராவுக்கும் பர் துபாய்க்கும் நடுவில் மரப்படகு ஓடும், ஆளுக்கு ஒரு திர்ஹம். வெள்ளி மாலை நானும் வீட்டுக்காரியும் அந்தக் கரைக்குப் போவோம், டீ குடிப்போம், திரும்பி வருவோம். டீக்காசு தனி.

முதல் தடவை போனபோது என்ன பேசினோம்? ஊரில் பனியன் தைக்கும் பவர் டேபிளுக்கு ஆள் கிடைக்காததைப் பற்றி. இரண்டாவது தடவையும் அதேதான். எட்டாவது, பத்தாவது தடவை போகும்போதுதான் படகுக்காரன் முகம் பழகி, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காற்று வரும் என்று தெரிந்து, அதைப் பற்றி ஒரு பேச்சு வந்தது. புதிதாக ஒவ்வொரு வாரமும் ஒரு இடம் தேடாதீர்கள். ஒரே இடத்துக்குப் போங்கள்.

*

காங்கயம்_காளை | அக்டோபர் 8

இவர் ஒருவர்தான் கணக்குத் தெரிந்தவர். ஹைல்பிரான்காரர் 30 யூரோ என்று அலட்டாமல் எழுதுகிறார். யூரோ ஏறத்தாழ நூறு ரூபாய். மூவாயிரம் ரூபாய்க்கு வெங்காய அடை! அந்தக் காசுக்கு ஒரு கொட்டகைக்குத் தீவனம் வாங்கலாம்.

*

ஹைல்பிரான்_பங்காளி | அக்டோபர் 8

மூவாயிரம் என்று பெருக்குகிற வரைக்கும் இங்கே ஒரு காபி இறங்காது, ஐயா. நானும் இரண்டு வருடம் பெருக்கினேன். முடிவெட்டிக்கொள்ளாமல் ஐந்து மாதம் திரிந்தேன். இங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோ. அந்தக் கணக்கில் 30 யூரோ என்பது இரண்டரை மணி நேர வேலைக்குச் சற்றுக் குறைவு. காங்கயத்தில் இரண்டரை மணி நேரக் கூலிக்கு இரண்டு பேர் வயிறு நிறைய உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று நீங்களே பாருங்கள். போகவரச் செலவும் இல்லை. மாதச் சீட்டு (2025-இல் 58 யூரோ) வைத்திருந்தால் நாடு முழுக்க உள்ளூர் ரயிலும் பஸ்ஸும் அதிலேயே அடங்கும்.

*

காங்கயம்_காளை | அக்டோபர் 8

சிக்கனமாக இருப்பவனைக் கேலி செய்யாதீர்கள்.

*

ஹைல்பிரான்_பங்காளி | அக்டோபர் 8

கேலி இல்லை. இந்தப் பக்கத்து மக்களான ஷ்வாபியர்களைப் பற்றி மற்ற ஜெர்மன்காரர்கள் சொல்லும் நகைச்சுவை எல்லாமே கஞ்சத்தனத்தைப் பற்றியதுதான். நீங்கள் இங்கே வந்தால் மறுநாளே ஊர்ப்பெரியவர் ஆகிவிடுவீர்கள்.

*

மட்டுறுத்துநர் | அக்டோபர் 9

யூரோ-ரூபாய் கணக்குக்குத் தனி இழை இருக்கிறது. மேலும் ஆறு பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன்.

*

சூலூர்_நங்கை | சிங்கப்பூர் | அக்டோபர் 11

எங்களுக்குத் தலைகீழ். ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். சூலூரில் ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. மாலை முழுக்க எங்களுடையது, தூக்கம்தான் ஊருக்குப் போகிறது. அப்படியும் முதல் வருடம் நாங்கள் வெளியே போய்ப் பேசியது ஊர்ப்பேச்சுதான். சிராங்கூன் ரோட்டில் நடந்தால் கோவை டவுன்ஹாலோடு ஒப்பிடுவோம். தோசை சாப்பிட்டால் சாம்பாரைப் பற்றி ஒரு மணி நேரம் குறை சொல்வோம்.

ஒருமுறை நான் ஒரு விதி போட்டேன்: முதல் அரை மணி நேரம் ஊரைப் பற்றிப் பேசக் கூடாது. இருபது நிமிடம் வாய் திறக்காமல் நடந்தோம். பிறகு அவர், "அங்கே பார், ரேஸ்கோர்ஸ் மாதிரியே மரம்" என்றார். விதி அதோடு முடிந்தது. தங்கச்சி, மலைமேல் உட்கார்ந்து மாட்டைப் பற்றிப் பேசியதற்கு ஏன் வெட்கப்படுகிறாய்? அது உன் வீட்டு மாடு. ஈன்றதா, இல்லையா?

*

கொடிவேரிக்காரி | அக்டோபர் 12

ஈன்றது. கிடாரிக்கன்று. புதன்கிழமை ராத்திரி.

*

பெருந்துறை_அத்தை | அக்டோபர் 12

மகாலட்சுமி வந்திருக்கிறாள். சீம்பால் உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அம்மிணி, மாமியாரிடம் பேசினாயா? நான் என் மகனிடம் கேட்டேன். நாங்கள் ஒன்பதுக்குக் கூப்பிடும்போது அவனுக்கு நடுராத்திரி தாண்டிவிடுமாம். மூன்று வருடமாகப் பாதித் தூக்கத்தில் எழுந்து "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று சொல்லியிருக்கிறான். குரல் கம்மியிருக்கிறதே, சளியா என்று நான் மிளகு ரசம் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் சாணி தெளித்து முடித்ததும் கூப்பிடுகிறோம்.

*

கொடிவேரிக்காரி | அக்டோபர் 26, ஞாயிறு

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடுவில் தீபாவளி, வகுப்பில் தேர்வு.

அத்தையிடம் நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். கூடுதுறை அண்ணா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அழைப்பில், "அம்மா, இனிமேல் சனிக்கிழமை மட்டும் கூப்பிட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களே கூப்பிடுகிறோம்" என்றார். அத்தை, "ஏன், அன்றைக்கு என்ன?" என்றார். இவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. நான்தான் பின்னாலிருந்து, "விளக்குமாறு தொங்குகிற வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம்" என்றேன். அந்தப் பக்கம் ஒரே அமைதி. பிறகு முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தைக்கு நம்பிக்கையே இல்லை. மாமா போனைப் பிடுங்கி, "நீங்கள் போகிற அன்றைக்கு அந்த மாறை எனக்குக் காட்ட வேண்டும்" என்றார்.

நேற்றுப் போனோம். அதே ஊல்பாக். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம், மணி ஐந்து நாற்பது. சனிக்கிழமை அழைப்பு இல்லை என்று முடிவு செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நாங்களே கூப்பிட்டோம். மாமா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். போனை மேலே தூக்கி மாறைக் காட்டினேன். கிட்டே, இன்னும் கிட்டே என்றார். "தென்னையும் இல்லை, ஈச்சையும் இல்லை, இது என்ன குச்சி?" என்றார். இவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து பிர்ச் மரத்தின் கிளை என்றார். "கட்டு சரியில்லை. ஒரு வாரம் கூட்டினால் உதிர்ந்துவிடும்" என்றார் மாமா. இது கூட்டுவதற்கு இல்லை, தொங்கவிடுவதற்கு என்று இவர் விளக்கத் தொடங்கினார். "சரி சரி, உள்ளே போங்கள், இடம் போய்விடும்" என்று அவரே வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்தான். எட்டு மாதத்தில் மாமா தானாக அழைப்பை வைத்தது இதுதான் முதல் தடவை.

இடம் இருந்தது. வயதான தம்பதி பக்கத்தில் பெஞ்சு. அந்தப் பாட்டி என்னிடம் ஏதோ கேட்டார், பாதி புரிந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சு எங்கள் வகுப்பில் சொல்லித் தரும் ஜெர்மன் இல்லை. எல்லா வார்த்தையின் வாலிலும் "லே" போடுகிறார்கள், நம் பக்கத்தில் "ங்க" போடுவதைப் போல. நான் சொன்னதை இவர் திருத்தினார், இவர் சொன்னதைப் பாட்டி திருத்தினார். வெங்காய அடை நன்றாக இருந்தது, கொஞ்சம் உப்பு அதிகம். இவர் புது ஒயின் ஒரு கிளாஸ் வாங்கி, பாதியில், "புளித்த பதநீர் மாதிரி இருக்கிறது" என்று வைத்துவிட்டார். அந்தத் தாத்தா அதை எடுத்துக் குடித்துவிட்டார், எங்களைக் கேட்காமலே.

நாங்கள் எங்களுக்குள் என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். பாட்டி என்ன சொன்னார், நீ என்ன புரிந்துகொண்டாய், அவர்கள் அண்ணன் தங்கையா கணவன் மனைவியா. மாட்டுப் பேச்சு வரவில்லை. திரும்பும்போது ரயிலில் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். கண் விழித்தால் எஸ்லிங்கன் போய்விட்டது, வண்டி புளோகிங்கனில் நிற்கிறது. எதிர்த்திசை ரயிலுக்குக் குளிரில் காத்திருந்தபோது கல்லறை விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். கத்தரீனா எப்படி இறந்தாள் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை.

நேற்று ராத்திரியோடு கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். இனிமேல் ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். அத்தையின் ஒன்பது மணி எனக்கு நாலரை, அந்நேரம் இவர் வீட்டில் இருக்க மாட்டார். அது எனக்கும் அத்தைக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

*

காங்கயம்_காளை | அக்டோபர் 26

மொத்தம் எவ்வளவு ஆயிற்று?

*

கொடிவேரிக்காரி | அக்டோபர் 26

31 யூரோ. தாத்தா குடித்த பாதி ஒயினும் சேர்த்து.

*

ஹைல்பிரான்_பங்காளி | அக்டோபர் 26

கத்தரீனாவைப் பற்றி: ராஜா வேறொருத்தியைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று தெரிந்து, ஜனவரிக் குளிரில் வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே போனவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று ஒரு பேச்சு இருக்கிறது. பேச்சுதான். ஆனால் வாசகத்தைப் பொறித்தது ராஜா என்பது நினைவில் இருக்கட்டும்.

*

காங்கயம்_காளை | அக்டோபர் 26

அப்படியானால் அவ்வளவு பெரிய கட்டடம் ஏன் என்று இப்போது புரிகிறது.

*

பெருந்துறை_அத்தை | அக்டோபர் 27

அந்த வெங்காய அடையை நம் வீட்டில் செய்ய முடியுமா கண்ணு? எங்களிடம் ஓவன் இல்லை. குக்கரில் வருமா?

*

கொடிவேரிக்காரி | அக்டோபர் 27

வரும் என்று நினைக்கிறேன் அத்தை, விசிலை எடுத்துவிட்டு, அடியில் மணல் போட்டு, கேக் வேகவைப்பதைப் போல. நான் இந்த வாரம் செய்து பார்த்துவிட்டு அளவு எழுதுகிறேன். பத்து மணிக்கு முன்னால்.